மார்பகப் புற்றுநோய்க்குப் பின் நீளும் மாத்திரைக் காலம்: மருத்துவர் பதில்கள்

மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை, கீமோதெரபி, கதிர்வீச்சு ஆகியவை முடிந்து, ஆண்டுக்கணக்கில் மாத்திரையும் மறுபரிசோதனையுமாக வாழ்ந்துவரும் வாசகர்களும் அவர்களது குடும்பத்தினரும் எழுதிய கடிதங்களுக்குப் புற்றுநோய் மருத்துவர் இந்த இதழில் பதிலளிக்கிறார். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்து, வயதை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, எனக்கு மாதவிடாய் நின்று சில ஆண்டுகள் ஆன பிறகு மார்பகப் புற்றுநோய் வந்தது. கட்டியை அகற்றி, கதிர்வீச்சும் கொடுத்து முடித்த பிறகு, ஐந்து ஆண்டுகளுக்கு லெட்ரோசோல் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதைத் தொடங்கியதிலிருந்து காலையில் விரல்களை மடக்க முடியவில்லை, முழங்கால்கள் பிடித்துக்கொள்கின்றன. கட்டியைத்தான் எடுத்தாகிவிட்டதே, இன்னும் எதற்கு மாத்திரை என்று வீட்டிலும் கேட்கிறார்கள். யாரிடமும் சொல்லாமல் சில வாரங்கள் நிறுத்திப் பார்த்தேன். வலி நன்றாகக் குறைந்தது. ஒரேயடியாக நிறுத்திவிடலாமா? (வாசகி, வயது 57)

பதில்: நிறுத்த வேண்டாம், அதற்காக இந்த வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளவும் வேண்டாம். இவை இரண்டைத் தவிர வேறு வழி இல்லை என்று எண்ணித்தான் பலர் மருத்துவரிடம் சொல்லாமல் மாத்திரையைக் கைவிடுகிறார்கள். வழிகள் பல இருக்கின்றன.

முதலில் வீட்டில் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் மார்பகத்திலும் அக்குளிலும் இருந்த நோயைக் கவனித்துக்கொண்டன. ஆனால் கட்டி கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே அதிலிருந்து பிரிந்த சில செல்கள், எந்த ஸ்கேனிலும் தெரியாத அளவில், எலும்பிலோ வேறு உறுப்பிலோ பல ஆண்டுகள் அடங்கிக் கிடக்கக்கூடும். மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று, ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைக் கொண்டு வளரும் வகையைச் சேர்ந்தவை. உங்களுடையதும் அந்த வகைதான் என்பதை உங்களுக்கு எழுதப்பட்ட மாத்திரையே சொல்கிறது. மாதவிடாய் நின்ற பிறகும் உடலின் கொழுப்புத் திசுவிலும் தசையிலும் அரோமட்டேஸ் என்ற நொதியின் மூலம் சிறிதளவு ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியாகிக்கொண்டே இருக்கிறது. லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன் ஆகிய மூன்றும் அந்த நொதியை முடக்கி, எஞ்சியிருக்கக்கூடிய செல்களுக்கு ஊட்டம் கிடைக்காமல் செய்கின்றன. ஆகவே இது சிகிச்சை முடிந்த பிறகு கொடுக்கப்படும் சத்து மாத்திரை போன்றதல்ல. சிகிச்சையே இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. இந்த மருந்துகளுக்கு முன்னோடியான டாமாக்சிஃபெனை ஐந்து ஆண்டுகள் உட்கொண்ட பெண்களிடம் முதல் ஐந்து ஆண்டுகளில் நோய் திரும்புவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததையும், பதினைந்து ஆண்டுக் கணக்கில் மார்பகப் புற்றுநோயால் ஏற்படும் இறப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததையும், உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியான முடிவுகள் காட்டின. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நீங்கள் உட்கொள்ளும் வகை மருந்துகள் அதைவிடவும் சற்றுக் கூடுதலான பாதுகாப்பைத் தருகின்றன.

இனி வலிக்கு வருவோம். இந்த மருந்துகளை உட்கொள்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மூட்டு வலியோ இறுக்கமோ வருகிறது. நீங்கள் எழுதியிருப்பது போலக் காலையில் விரல்கள் மடங்காமல் இருப்பது அதன் பொதுவான அடையாளம். வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று இதை ஒதுக்கிவிடும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். அது சரியல்ல. ஐந்து ஆண்டுகள் உட்கொள்ள வேண்டிய மருந்தின் பலன், அதைத் தொடர முடிகிறதா என்பதைப் பொறுத்தே அமைவதால், வலியைக் குறைப்பதும் புற்றுநோய் சிகிச்சையின் ஒரு பகுதிதான் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, மாத்திரையை நிறுத்திப் பார்த்ததையும் வலி குறைந்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். வலிக்குக் காரணம் மருந்துதான் என்பதை உறுதிப்படுத்தும் மிகவும் பயனுள்ள தகவல் அது. வைட்டமின் டி குறைவு, தைராய்டு கோளாறு, முடக்குவாதம் போன்ற வேறு காரணங்கள் உண்டா என்று அவர் ஒருமுறை பார்ப்பார். சுறுசுறுப்பான நடையும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் இந்த வலியைக் குறைப்பது ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. வலிக்கிற மூட்டை அசைக்கச் சொல்வது முதலில் விந்தையாகத் தோன்றினாலும், சில வாரங்கள் விடாமல் செய்தால் வித்தியாசம் தெரியும். பாராசிட்டமால் போன்ற எளிய மாத்திரைகள் சிலருக்குப் போதும். போதாதவர்களுக்கு டுலோக்செட்டின் என்ற மருந்து உதவியிருக்கிறது. இவற்றுக்கும் அடங்காவிட்டால், மருத்துவரின் மேற்பார்வையில் இரண்டு மூன்று வாரங்கள் இடைவெளி விட்டு, அதே வகையைச் சேர்ந்த வேறொரு மருந்துக்கு மாறலாம். லெட்ரோசோல் ஒத்துக்கொள்ளாதவர்களில் பலர் எக்ஸிமெஸ்டேனையோ அனாஸ்ட்ரோசோலையோ தாங்கிக்கொள்கிறார்கள். மூன்றும் ஒத்துக்கொள்ளாவிட்டால் டாமாக்சிஃபென் இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த வகை மருந்துகள் எலும்பின் அடர்த்தியைக் குறைக்கின்றன. வலி எதுவும் இல்லாமலேயே இது நடப்பதால், டெக்ஸா ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். தொடக்கத்தில் ஒருமுறையும் பிறகு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் இதை எடுப்பது வழக்கம். இதுவரை எடுக்கவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். அடர்த்தி குறைந்திருந்தால் கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றோடு, ஆறு மாதங்களுக்கு ஒருமுறை போடப்படும் சோலெட்ரானிக் அமில ஊசி போன்றவை தரப்படும். அந்த ஊசியைத் தொடங்குவதற்கு முன் பல் மருத்துவரைப் பார்த்து, பிடுங்க வேண்டிய பல் இருந்தால் பிடுங்கிவிடுவது நல்லது. ஊசி போட்டுக்கொண்ட பிறகு பல் பிடுங்கினால், அரிதாகத் தாடை எலும்பு ஆறாமல் போகக்கூடும்.

கேள்வி: டாமாக்சிஃபென் மாத்திரையைச் சில நாட்களில் மறந்துவிடுகிறேன். மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாமா? (வாசகி, வயது 49)

பதில்: வேண்டாம். அன்றைக்கே நினைவு வந்தால் போட்டுக்கொள்ளுங்கள். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால், விட்டதை விட்டுவிட்டு வழக்கமான ஒன்றை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். இந்த மருந்து உடலிலிருந்து மெதுவாகவே வெளியேறுவதால், ஒரு நாள் தவறினால் பெரிய இழப்பு ஒன்றும் இல்லை. வாரக்கணக்கில் விடுபடுவதுதான் கவலைக்குரியது.

கேள்வி: டாக்டர், நான் டாமாக்சிஃபென் தொடங்கி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. திடீர் திடீரென்று உடல் கொதித்து வியர்க்கிறது; இரவில் தூக்கமே இல்லை. மனச்சோர்வுக்காக வேறொரு மருத்துவர் ஃப்ளூவாக்ஸெட்டின் எழுதிக் கொடுத்திருக்கிறார். இவற்றுக்கிடையே எனக்கும் என் கணவருக்கும் ஒரு குழந்தை வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. ஐந்து ஆண்டுகள் காத்திருந்தால் எனக்கு நாற்பது வயதைக் கடந்துவிடும். இதைக் கேட்பதே தவறோ என்று தோன்றுகிறது. (வாசகி, வயது 37)

பதில்: கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் உடனடியாகக் கவனிக்க வேண்டியது மனச்சோர்வுக்கான மருந்துதான் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். டாமாக்சிஃபெனைக் கல்லீரலில் உள்ள ஒரு நொதிதான் வலிமையான வடிவத்துக்கு மாற்றுகிறது. ஃப்ளூவாக்ஸெட்டின், பராக்ஸெட்டின், புப்ரோப்பியான் ஆகியவை அந்த நொதியைத் தடுப்பதால், டாமாக்சிஃபெனின் பலன் குறையக்கூடும். எனவே இரண்டு மருத்துவர்களுக்கும் மற்றவர் எழுதிக் கொடுத்தது தெரிய வேண்டும். ஃப்ளூவாக்ஸெட்டினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வென்லாஃபாக்சின் போன்ற, டாமாக்சிஃபெனோடு அதிகம் மோதாத மருந்துக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். மனச்சோர்வுக்கு உதவும் அதே வென்லாஃபாக்சின் உடல் கொதிப்பையும் குறைக்கிறது என்பது உங்களைப் போன்றவர்களுக்குக் கூடுதல் வசதி. மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கொடுக்கப்படும் ஹார்மோன் மாத்திரைகளைக் கொதிப்புக்காக யாரேனும் பரிந்துரைத்தால் ஏற்க வேண்டாம்; மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களிடம் அவற்றைச் சோதித்த ஓர் ஆய்வு, நோய் திரும்புவது அதிகரித்ததால் 2003இல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது.

குழந்தையைப் பற்றி இப்போது முன்பைவிடத் தெளிவாகப் பேச முடிகிறது. 42 வயதுக்கு உட்பட்ட, பதினெட்டு முதல் முப்பது மாதங்கள் வரை டாமாக்சிஃபென் போன்ற மாத்திரைகளாலான ஹார்மோன் சிகிச்சையை முடித்திருந்த 500க்கும் மேற்பட்ட பெண்கள், கருத்தரிப்பதற்காக இரண்டு ஆண்டுகள் வரை மருந்தை நிறுத்திவைத்த ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளிவந்தன. மூன்று ஆண்டுகளில் அவர்களில் 100க்கு 8.9 பேருக்கு நோய் திரும்பியது. மருந்தை நிறுத்தாத, ஒத்த நிலையிலிருந்த பெண்களிடம் அது 9.2 ஆக இருந்தது. இது குறுகிய காலக் கணக்குதான் என்பதையும், ஹார்மோன் சார்ந்த புற்றுநோய் பத்து பதினைந்து ஆண்டுகள் கழித்தும் திரும்பக்கூடியது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் கட்டியின் அளவு, அக்குள் நெறிகளில் (நிணநீர்க் கணுக்களில்) நோய் பரவியிருந்ததா என்பது போன்றவற்றைப் பார்த்த பிறகே உங்களுக்கு இது பொருந்துமா என்று சொல்ல முடியும். பொருந்துமானால், மருந்தை நிறுத்தி மூன்று மாதங்கள் கழித்தே கருத்தரிக்க முயல வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு மருந்தை மீண்டும் தொடங்க வேண்டும். மருந்தைத் தொடங்கிய பிறகு தாய்ப்பால் கொடுக்கக் கூடாது.

அதுவரை கருத்தடை மிகவும் அவசியம். டாமாக்சிஃபென் கருவைப் பாதிக்கும் மருந்து. அதை உட்கொள்ளும்போது மாதவிடாய் தவறுவதை வைத்துக் கருத்தரிக்காது என்று எண்ணிவிட முடியாது. கருத்தடை மாத்திரைகளில் ஹார்மோன் இருப்பதால் அவை உங்களுக்குக் கூடாது. ஆணுறையோ, காப்பர் டி போன்ற ஹார்மோன் இல்லாத சாதனமோ போதுமானது.

கேள்வி: என் அம்மாவுக்குச் சிகிச்சை முடிந்து ஓராண்டு ஆகிறது. மறுபரிசோதனை நாள் நெருங்கினாலே அவர் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. முழு உடலுக்கும் பெட் ஸ்கேன் எடுத்து, ரத்தத்தில் புற்றுநோய்க் குறியீடுகளையும் பார்த்துவிட்டால் நிம்மதியாக இருக்குமே என்று கேட்டால், மருத்துவர் தேவையில்லை என்கிறார். கையால் தொட்டுப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுகிறார். அலட்சியமாக இருக்கிறாரோ என்று அச்சமாக இருக்கிறது. (வாசகர், வயது 31)

பதில்: உங்கள் அச்சம் புரிகிறது. ஆனால் உங்கள் தாயாரின் மருத்துவர் செய்வது அலட்சியம் அல்ல. அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு அதுதான் பரிந்துரைக்கப்படும் முறை. முதல் மூன்று ஆண்டுகளில் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறையும், அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் மருத்துவர் நேரில் பார்த்து, விசாரித்து, தொட்டுப் பரிசோதிப்பார். அதோடு, எஞ்சியிருக்கும் மார்பகத் திசுவுக்கு ஆண்டுக்கு ஒரு மேமோகிராம். வழக்கமான கண்காணிப்பு இவ்வளவுதான்.

அதிகப் பரிசோதனைகள் செய்தால் அதிக நாள் வாழலாம் என்ற எண்ணம் இயல்பானது என்பதால்தான் அதை முறையாகச் சோதித்தும் பார்த்தார்கள். இத்தாலியில் நடந்த இரண்டு ஆய்வுகளில் 2,500க்கும் மேற்பட்ட பெண்களை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு எலும்பு ஸ்கேன், மார்பு எக்ஸ்ரே முதலியவற்றைத் தவறாமல் எடுத்தார்கள்; மற்றவர்களை வழக்கமான முறையில் மட்டும் கண்காணித்தார்கள். 1994இல் வெளியான முடிவுகளில் இரு பிரிவினரின் வாழ்நாளிலும் வேறுபாடு இல்லை. வேறு உறுப்புக்குப் பரவிய நோயை, அறிகுறி தோன்றுவதற்குச் சில மாதங்கள் முன்னதாக அறிந்துகொள்வதால் மட்டும் அதன் போக்கு மாறிவிடவில்லை. அதற்குப் பிறகு ஸ்கேன் கருவிகள் எவ்வளவோ மேம்பட்டிருக்கின்றன. ஆயினும் அறிகுறி இல்லாதவர்களுக்குப் பெட் ஸ்கேனையோ ரத்தக் குறியீடுகளையோ வழக்கமாகச் செய்ய வழிகாட்டுதல்கள் இன்றும் பரிந்துரைப்பதில்லை. புற்றுநோயோடு தொடர்பே இல்லாத கல்லீரல் கோளாறில்கூட ரத்தக் குறியீடு உயரக்கூடும். அப்படி ஓர் எண் சற்று உயர்ந்துவிட்டால், அதைத் தொடர்ந்து ஸ்கேன், பயாப்ஸி என்று மாதக்கணக்கில் குடும்பமே கலங்கிப்போவதைப் பார்க்கிறோம். நிம்மதிக்காகச் செய்த பரிசோதனையே நிம்மதியைக் கெடுத்துவிடுகிறது.

ஸ்கேனைவிட உங்கள் தாயாருக்குத் தம் உடல் நன்றாகத் தெரியும். தழும்பிலோ மறு மார்பகத்திலோ அக்குளிலோ கழுத்தெலும்புக்கு மேலோ புதிய கட்டி, இரண்டு மூன்று வாரங்களாகியும் குறையாமல் அதிகமாகிக்கொண்டே போகும் எலும்பு வலி, விடாத இருமல், மூச்சுத் திணறல், வழக்கத்துக்கு மாறான தொடர் தலைவலி, காரணமின்றி எடை குறைதல், கண் மஞ்சளாதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும், குறித்துக் கொடுத்த தேதிக்காகக் காத்திராமல் உடனே போய்ச் சொல்ல வேண்டும். அப்போது எந்த ஸ்கேன் தேவையோ அதை மருத்துவர் தயங்காமல் எடுப்பார்.

பரிசோதனை நெருங்கும்போது வரும் அச்சம் மிகப் பெரும்பாலோருக்கு உண்டு. ஆண்டுகள் செல்லச் செல்லப் பலருக்கு அது தணிகிறது. ஆனால் உணவும் உறக்கமும் கெடும் அளவுக்கு இருந்தால் அதையும் ஒரு பக்கவிளைவாகக் கருதி மருத்துவரிடம் சொல்லுங்கள்; மனநல ஆலோசகரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ஒன்றும் இருக்காது, பயப்படாதே என்று வீட்டில் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட, மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை உங்கள் தாயாரோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதி, அன்றைக்கு அவரோடு துணைக்குப் போய்வருவது அதிகம் உதவும்.

கேள்வி: அக்குள் நெறிகளை எடுத்த பக்கத்துக் கை மாலையில் கனக்கிறது, வளையல் இறுக்குகிறது. இந்தக் கையால் எந்தப் பாரமும் தூக்கக் கூடாது என்கிறார்கள். உண்மையா? (வாசகி, வயது 52)

பதில்: கை கனப்பதும் வளையல் இறுக்குவதும் நிணநீர் வீக்கத்தின் தொடக்கமாக இருக்கலாம், காலம் தாழ்த்தாமல் காட்டுங்கள். அழுத்தக் கையுறையும் முறையாகக் கற்றுத் தரப்படும் மசாஜும் பயிற்சிகளும் தொடக்க நிலையில்தான் நன்றாகப் பலன் தருகின்றன. பாரம் தூக்கவே கூடாது என்ற அறிவுரை பழையது. ஏற்கெனவே வீக்கம் இருந்த பெண்கள் பயிற்சியாளரின் மேற்பார்வையில், மிகக் குறைந்த எடையில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி எடைப் பயிற்சி செய்தபோது வீக்கம் அதிகரிக்கவில்லை என்று 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. வீக்கம் திடீரென்று மோசமாவதும் அவர்களிடம் குறைவாகவே இருந்தது. பயிற்சியே இல்லாத கையால் ஒரு நாள் திடீரெனப் பெரும் சுமையைத் தூக்குவதைத் தவிருங்கள். அந்தக் கையில் வெட்டுக்காயமோ கீறலோ பட்டால் உடனே கழுவி மருந்து போடுங்கள். கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அது கிருமித் தொற்று; அன்றைக்கே ஆன்டிபயாட்டிக் தொடங்க வேண்டும்.

கேள்வி: இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. மாத்திரை தொடங்கியதிலிருந்து பிறப்புறுப்பு வறண்டு, தாம்பத்திய உறவு மிகவும் வலிக்கிறது. (வாசகி, வயது 45)

பதில்: ஹார்மோன் சிகிச்சையின் நன்கறியப்பட்ட விளைவு இது. கூச்சத்தால் சொல்லாமல் இருப்பவர்கள் மிகப் பலர். மருத்துவர்களும் தாமாகக் கேட்பதில்லை என்பது வருந்தத்தக்கது. ஹார்மோன் கலக்காத ஈரப்பசை ஜெல்லை வாரத்தில் சில முறை தொடர்ந்து பயன்படுத்துங்கள். உறவின்போது தனியாக வழுவழுப்பு ஜெல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோருக்கு இவை போதும். போதாவிட்டால் ஈஸ்ட்ரோஜன் கிரீமைக் கடையில் நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ளாமல், உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் கலந்து பேசுங்கள். நீங்கள் உட்கொள்வது எந்த மாத்திரை என்பதைப் பொறுத்து அவரது பதில் மாறும்.

கேள்வி: ஆணான எனக்கு மார்பகப் புற்றுநோய் வந்து சிகிச்சை முடிந்திருக்கிறது. பெண்களுக்கான மாத்திரையை எனக்கும் கொடுத்திருக்கிறார்களே? (வாசகர், வயது 63)

பதில்: சரியான மருந்துதான். மார்பகப் புற்றுநோய் வருபவர்களில் ஏறத்தாழ 100இல் ஒருவர் ஆண். ஆண்களுக்கு வருவதில் மிகப் பெரும்பாலானவை ஹார்மோன் சார்ந்தவை என்பதால் டாமாக்சிஃபென் அவர்களுக்கும் முதன்மையான மருந்து. ஆண்களுக்கு இந்நோய் வரும்போது பரம்பரை மரபணு மாற்றம் இருக்கும் வாய்ப்பு கூடுதல். எனவே மரபணுப் பரிசோதனை செய்யவில்லை என்றால் கேளுங்கள். அதன் முடிவு உங்கள் மகள்களுக்கும் மகன்களுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் பயன்படும்.

கேள்வி: அடுத்த சில மாதங்களில் டாமாக்சிஃபென் ஐந்து ஆண்டுகள் முடிகின்றன. இன்னும் ஐந்து ஆண்டுகள் தொடரலாம் என்கிறார் மருத்துவர். எப்போது முடியும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். இப்போது என்ன செய்வதென்று தெரியவில்லை. (வாசகி, வயது 51)

பதில்: ஐந்து ஆண்டுகளோடு நிறுத்தியவர்களையும் பத்து ஆண்டுகள் தொடர்ந்தவர்களையும் ஒப்பிட்டு 2012இல் வெளியான பெரிய ஆய்வில், ஐந்தாம் ஆண்டு முதல் பதினான்காம் ஆண்டு வரையிலான காலத்தில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள், நிறுத்தியவர்களில் 100க்கு 15 பேர், தொடர்ந்தவர்களில் 12.2 பேர். அதே காலத்தில் கருப்பை உட்சுவரில் புற்றுநோய் வருவது 100க்கு 1.6இலிருந்து 3.1 ஆக உயர்ந்தது. அந்தப் புற்றுநோய் பெரும்பாலும் ரத்தப்போக்கால் தொடக்கத்திலேயே தெரிந்து, குணப்படுத்தக்கூடியதாக இருக்கிறது. ஆதாயம் உண்டு, ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. ஐந்து ஆண்டு மருந்தை முடித்தவர்களை இருபதாம் ஆண்டு வரை தொடர்ந்து கவனித்ததில், சிறிய கட்டியும் நோயற்ற நெறிகளும் இருந்தவர்களில் 100க்கு 13 பேருக்கும், பெரிய கட்டியோடு நான்கு முதல் ஒன்பது நெறிகள் வரை நோய் பரவியிருந்தவர்களில் 100க்கு 41 பேருக்கும் வேறு உறுப்பில் நோய் தோன்றியது தெரியவந்தது. நீங்கள் முதல் பிரிவுக்கு அருகில் இருந்து, மாத்திரையால் மிகவும் அவதிப்பட்டிருந்தால், ஐந்தோடு நிறுத்துவது நியாயமான முடிவு. இரண்டாவதற்கு அருகில் இருந்தால் தொடரவே நான் சொல்வேன்.

உங்கள் பயாப்ஸி அறிக்கையையும் அறுவை சிகிச்சை அறிக்கையையும் கையில் எடுத்துக்கொண்டு போய், தொடர்வதால் உங்களுக்குக் கிடைக்கும் ஆதாயம் 100க்கு எத்தனை என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். மாதவிடாய் முழுமையாக நின்றுவிட்டதா என்பதையும் உறுதி செய்யச் சொல்லுங்கள். நின்றுவிட்டிருந்தால், லெட்ரோசோல் வகைக்கு மாறுவது பற்றியும் பேசலாம். அந்த வகையை ஐந்து ஆண்டு ஹார்மோன் சிகிச்சைக்குப் பின் மேலும் இரண்டு ஆண்டுகள் தொடர்வதும் ஐந்து ஆண்டுகள் தொடர்வதும் ஒரே பலனையே தருகின்றன என்றும், நீண்ட காலம் உட்கொண்டவர்களுக்கு எலும்பு முறிவு அதிகம் என்றும் 2021இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது.

டாமாக்சிஃபெனையே தொடர்வதாக இருந்தால், மாதவிடாய் நின்ற பிறகு ஏற்படும் எந்த ரத்தப்போக்கையும், அது ஒரு சொட்டாக இருந்தாலும், மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு காலின் ஆடுதசை மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ ரத்தம் உறைந்திருக்கக்கூடும் என்பதால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். பெரிய அறுவை சிகிச்சை எதற்கேனும் நாள் குறித்தால், இந்த மாத்திரையை உட்கொள்வதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாத்திரையைத் தொடர்ந்தாலும் நிறுத்தினாலும் ஆண்டுதோறும் எடுக்கும் மேமோகிராமும் மருத்துவரைப் பார்ப்பதும் முன்போலவே தொடர வேண்டும்.